ஐந்து நாட் வேகம்கூட அதிகமாக வேண்டாம், கண்ணா

அன்புள்ள கண்ணா,

நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீதான் போனை எடுப்பதே இல்லையே. அப்பாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை.

சின்னவளைத் திட்டாதே. நீ அனுப்பிய படத்தை நான்தான் அவளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். புது விமானத்தின் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் இடது சக்கரத்தைப் பார்த்தேன். டயரில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமெல்லாம் அழிந்து வழுவழுவென்று தட்டையாகிக் கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் புது ரப்பர். எப்படி ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. டயர் ஒரே இடத்தில் தேய்ந்தால் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இறக்கை இன்னும் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். ஓடுபாதை தீரப்போகிறது என்ற பயம் வராமல் யாரும் அப்படி மிதிப்பதில்லை. சரி, அதை விடு.

வேகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் உனக்குக் கற்றுத் தந்த பயிற்சி விமானத்தில் ஃப்ளாப்பை, அதுதான் இறக்கையின் பின்விளிம்புத் தகட்டை, முழுதாக இறக்கினாலே கூடுதல் வேகம் கரைந்துவிடும். உன் புது விமானம் காற்றில் வழுக்கிப் போவதற்கென்றே செய்தது. ஸ்டால், அதாவது இறக்கை தாங்காமல் கைவிடும் வேகம், 60 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று சொன்னாய். இறங்க வரும்போது அதன் 1.3 மடங்கில் வர வேண்டும், அது 78. நீ 90-இல் வந்தால் 12 நாட்தானே என்று தோன்றும். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த 78-கூட முழு எடைக்குத்தான். தனியாக, பாதி எரிபொருளோடு வரும்போது எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் சரியான வேகம் 70. அப்போதும் 90 என்றால் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலே. ஒவ்வொரு தடவையும் எடையைப் பார்த்து வேகத்தைக் கணக்குப் போடு. கையேட்டில் இருக்கும் ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போகாதே.

தரைக்குப் பக்கத்தில் வந்ததும் இறக்கையின் இழுவை குறைந்துவிடும், விமானம் மிதந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து மூக்கை அழுத்தி உட்கார வைக்காதே. முன்சக்கரம் முதலில் பட்டால் துள்ளும், அடுத்த துள்ளல் அதைவிடப் பெரிதாக வரும், ப்ரொப்பெல்லர் தரையில் அடிபடுவது அப்படித்தான். மிதந்தால் மிதக்கட்டும், மூன்றில் ஒரு பங்கு ஓடுபாதைக்குள் சக்கரம் தொடவில்லையென்றால் பவரைக் கொடுத்து எழும்பிவிடு. வலது ரடர் (வாலில் மூக்கைத் திருப்பும் தகடு) கொடுக்க மறக்காதே, உன் எஞ்சினுக்கு மூக்கு இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்.

குறுக்குக் காற்றில் நீ இறக்குவது போல என் மாணவர்களில் ஒருவரும் இறக்கியதில்லை. அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை. கைத்திறமை இருக்கிறவர்களுக்குத்தான் எப்படியும் உட்கார வைத்துவிடலாம் என்ற நினைப்பு வரும். அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

சனிக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்த மலைமேல் ஓடுபாதைக்குப் போகிறீர்களாம். இதையும் சின்னவள்தான் சொன்னாள், நீ சொல்லவில்லை. 2,400 அடி, ஒரு முனையில் மரங்கள். உன் கையேடு 50 அடி உயரத்திலிருந்து நிற்கும் வரை 1,900 அடி போதும் என்கிறதாம். அது புது விமானத்தில், சோதனை விமானி எடுத்த அளவு. பிரிட்டனின் விமானத் துறை தன் விமானிகளுக்குச் சொல்லும் கணக்குப்படி அதை 1.43-ஆல் பெருக்கு. 2,700 தாண்டிவிடுகிறது. 3 டிகிரி சரிவில் ஓடுபாதை முனையை 50 அடியில் கடந்தால், தரைக்கு வருவதற்குள்ளேயே 950 அடி போய்விடும். இறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பின்காற்று இருந்தாலும் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு நீளம் கேட்கும். புல் ஈரமாக இருந்தால் பிரேக் இருந்தும் பயனில்லை. 4,000 அடி உயரத்தில் வேக மீட்டர் 78 காட்டும்போது விமானம் உண்மையில் 6 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். தரை விரைந்து ஓடுவது போலத் தெரியும். அதைப் பார்த்து மீட்டரில் வேகத்தைக் குறைத்துவிடாதே.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்வாய். வேகத்தைக் குறை என்றது ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், வந்த பிறகு. திருப்பத்தில் இல்லை. உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறிவிடும். திரும்பும்போது ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டாயா, இன்னும் சாய்த்துப் பிடிக்காதே, ரடரால் மூக்கைத் தள்ளாதே. விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வா. சுற்றி வருவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது இன்னும் சீக்கிரமாகவே முடிவெடு.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஓடுபாதையில் இறங்கி, அங்கிருந்து காரில் போனால் என்ன? இல்லை, அங்கேதான் இறங்குவேன் என்றால், முதலில் நீ தனியாகப் போய் வா. அதற்கும் முன்னால் நீளமான ஓடுபாதை ஒன்றில் ஒரு கோட்டைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே சக்கரம் தொடும் வரை பழகு. நான் வந்து வலது சீட்டில் உட்காருகிறேன். ஒன்றும் பேச மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நான்கு எண் அனுப்பு: இறங்கும்போது இருக்கும் எடை, அதற்கு உன் ஃபைனல் வேகம், அந்த இடத்தின் உயரம், அன்றைக்கு எதிர்பார்க்கும் காற்று. போனில் பேசப் பிடிக்கவில்லை என்றால் மெசேஜ் போதும். டயரை மாற்றிவிட்டாயா என்பதையும் அதிலேயே எழுது.

அம்மா