முதலில் அந்தக் கதவைச் சரிசெய்யுங்கள்

ரிசார்ட் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நீச்சல் குளத்து வேலியின் கதவு பூட்டாமல் கிடப்பதைப் பற்றித்தான் இந்த மடல். விவரம் உங்களுக்குப் புதிதல்ல. ரிசப்ஷனில் இருக்கும் புகார் நோட்டில் பலருடைய கையெழுத்தில் அது பதிவாகியிருக்கிறது, என் கையெழுத்திலும்தான். "ஆளுக்குச் சொல்லியாச்சு, வந்துடுவாங்க" என்ற பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி ஒன்று நடந்த பிறகும் கதவு அதே நிலையில் நிற்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் ரிசார்ட்டில் நாங்கள் தங்குவது கேரவனில், அதாவது சக்கரம் வைத்த வீட்டு வண்டியில். எங்களுக்கு அடுத்த கேரவனில் தங்கியிருந்த குடும்பத்தின் இரண்டு வயதுப் பெண் குழந்தை அது. அம்மா உள்ளே கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தார். பிள்ளை தன் சிவப்பு வாளியோடு படியிறங்கி, புல்வெளியைத் தாண்டி, திறந்து கிடந்த கதவு வழியாகக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. யார் காதிலும் ஒரு சத்தமும் விழவில்லை. வாளி மட்டும் தனியாக மிதப்பதைப் பார்த்த ஒரு பள்ளிக்கூடச் சிறுமி உடனே குதித்துத் தூக்கினாள். குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, வீறிட்டு அழுதது. அந்த அழுகை கேட்ட பிறகுதான் பெற்றவர்களுக்கே விஷயம் தெரியும். மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டது.

அந்தத் தாயிடம் உங்கள் மேலாளர் சொன்னது என் காதுபடச் சொன்னது: "குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு என்று போர்டு வைத்திருக்கிறோமே." நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

பெற்றோர் பொறுப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேரவன் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? உள்ளே நாலு பேர் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. சமைப்பது, துவைப்பது, குளிப்பது, விளையாடுவது எல்லாமே வெளியில்தான். கேரவன் கதவின் கைப்பிடி பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. திறந்தால் ஒரே எட்டில் புல்வெளி, வீட்டில் இருப்பதுபோல நடுவில் கூடமோ முற்றமோ கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் கண் ஒரு நிமிடம் தவறும் என்பதை எதிர்பார்த்துத்தான் குளத்தைச் சுற்றி வேலி போடுகிறார்கள். கண்காணிப்பு தவறும் நேரத்தில் வேலி தடுக்க வேண்டும். அந்த வேலியின் கதவே திறந்து கிடந்தால் வேலி எதற்கு?

நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. மூச்சுக்குத் திணறும்போது குரல் எழும்பாது, கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. மூளைக்கு நாலைந்து நிமிடம் ஆக்சிஜன் போகாவிட்டால் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். குளம் நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

கதவில் என்ன கோளாறு என்று பழுதுபார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மேல் கீலின் ஸ்பிரிங் செத்துவிட்டது. தள்ளிவிட்டால் கதவு பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. கையால் இழுத்துச் சாத்தினாலும் பூட்டுவதில்லை. கதவு ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டதால் தாழ்ப்பாளின் நாக்கு பள்ளத்துக்கு ஒரு விரற்கடை கீழே போய் இடிக்கிறது. கதவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாத்தினால்தான் விழும். ஈரத் துண்டும் மிதவையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவர் அதை எந்தக் கையால் தூக்குவார்? அதனால் யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஊழியர்களும் அதைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறார்கள்.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆராயத் தேவையே இல்லை. ஆஸ்திரேலியாவில் குளத்து வேலிக்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், எந்த நிலையில் விட்டாலும் தானாகவே மூடித் தானாகவே தாழ் விழ வேண்டும். சிறுபிள்ளை வேலியில் தொற்றி ஏற வழியாக நாற்காலியோ மேசையோ பக்கத்தில் கிடக்கக் கூடாது. பிரான்சில் தனியார் குளங்களுக்குக்கூடப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி 2003லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் குளத்துக்கு வேலி இருக்கிறது, கதவு இருக்கிறது, ஒரு கீலும் ஒரு தாழ்ப்பாளும் மாற்றினால் போதும். அதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதைச் செய்ய நேரமில்லாத நிர்வாகத்துக்குப் புதுச் சறுக்குமரம் வைக்க நேரம் இருந்தது. அதையும் குளத்துக் கதவுக்கு நேரெதிரே வைத்திருக்கிறீர்கள்! நுழைவாயில் வளைவில் "குடும்பங்களுக்கு ஏற்ற இடம்" என்று புதிதாக வண்ணம் பூசியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு பாட்டுக்கச்சேரி, பொம்மை வேஷக்காரர், பிள்ளைகள் முகத்துக்குச் சாயம், எல்லாம் நடக்கிறது. உள்சாலையில் பெரிய கேரவன்கள் பின்னோக்கி வரும்போது சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை நிறுத்தி வழிகாட்ட ஓர் ஆள் இல்லை. மழை வந்தால் கேரவன் முன்கூடாரத்துக்குள் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அணைந்தாற்போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமும் நிறமும் கிடையாது என்று ஓர் எச்சரிக்கைத் தாள்கூட எங்கும் ஒட்டப்படவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடாதீர்கள் என்று மட்டும் ஒவ்வொரு மரத்திலும் பலகை தொங்குகிறது. விளம்பரத்தில் எங்கள் பிள்ளைகளின் சிரிப்பைக் காட்டுகிறவர்களுக்கு அவர்கள் உயிர் இரண்டாம்பட்சமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. மற்றவற்றைத் தனியாக எழுதித் தருகிறேன். இப்போது கேட்பது கதவு ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கே பெற்றோர்கள் முறைவைத்துக்கொண்டு அந்தக் கதவருகே உட்கார்ந்திருக்கிறோம். ஓய்வுக்காக வந்தவர்கள் காவல் காக்கிறோம். காலையில் ஒரு தாத்தா செய்தித்தாளோடு வந்து உட்காருகிறார், மதியம் நானும் என் கணவரும், அந்திக்கு வேறொருவர். எங்களில் சிலர் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவோம். மறுநாள் சனிக்கிழமை புதுக் குடும்பங்கள் வந்து இறங்கும். கதவு பூட்டாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கீலையும் தாழ்ப்பாளையும் மாற்றுங்கள். அதுவரை குளத்தை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் அழுதால் நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். குளியல் நேரம் முடிந்ததும் மிதவைகளையும் பந்துகளையும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அவற்றைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். தினமும் காலையில் கதவைத் திறந்து மூடிப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, பார்த்த நேரத்தை அங்கேயே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எப்போது வேலை முடியும் என்பதை ரிசப்ஷன் பலகையில் தேதி போட்டு ஒட்டினால் உங்களுக்கு நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
குளத்துக்கு எதிர்வரிசைக் கேரவனில் தங்கியிருக்கும் ஒரு தாய்