உடைந்த பொம்மை வேண்டாம், மலர்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்துவிட்டேன். கடைசிக் காட்சியில் தனுஷ்கோடி மணலில் உடைந்த பொம்மை, அலை, வயலின் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பொம்மையை எடுத்துவிடு, கண்ணம்மா. எந்த ஊர் அழிந்தாலும் அதே பொம்மையை வைத்துவிடலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊர் எதை இழந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1961இல் எடுத்த ‘கோமல் காந்தார்’ படத்தைப் பார். பத்மா நதிக்கரையில் தண்டவாளம் முடிந்துபோகிற இடம். அக்கரை கிழக்குப் பாகிஸ்தான், இன்றைய வங்கதேசம். முன்பு கூட்டல் குறியாக இருந்த தண்டவாளம் இப்போது கழித்தல் குறி என்கிறான் நாயகன் பிருகு. பிறகு கேமரா தண்டவாளத்தின் மேலேயே பாய்ந்து ஓடுகிறது. ‘தோஹாய் அலி’ என்ற குரல்கள் ஏறிக்கொண்டே போகின்றன. தண்டவாளத்தை மறிக்கும் தடுப்பு வந்ததும் திரை இருட்டு. ரத்தம் இல்லை, கலவரம் இல்லை. வங்காளப் பிரிவினை முழுவதும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அந்தத் தண்டவாளம் உண்மையிலேயே பிருகு போன்றவர்களை ஊருக்குக் கொண்டுபோன பாதை என்பதால்தான் அது தாங்குகிறது.

உனக்கும் அதே தண்டவாளம் கிடைத்திருக்கிறது! 1914 முதல் போட் மெயில் ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, இலங்கையின் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தார்கள். புயல் இரவில் கடல் கொண்டுபோனதும் ஒரு பாசஞ்சர் ரயிலைத்தான்.

ஆகவே, சிறுமி தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருகிறதா என்று கேட்கட்டும். விளையாட்டாக, 4 நொடி போதும். நடுவில் இன்னொரு முறை, அப்பாவுக்காகக் காத்திருக்கும்போது. கடைசியில் கிழவியாக வந்து வெறும் மணலில் காதை வைக்கட்டும். இதை 20 நொடிக்குக் குறையாமல் நிறுத்து. வசனமும் வேண்டாம், இசையும் வேண்டாம். முதல் இரண்டு தடவையும் குளோசப்பில் அழுத்திக் காட்டினால் மூன்றாவதைப் பார்ப்பவர்கள் முன்பே ஊகித்துவிடுவார்கள். வைட் ஷாட்டில், வேறு ஏதோ நடக்கும்போது ஓரமாக வை.

பழைய காட்சிகளுக்குச் செபியா என்கிற பழுப்பு நிறம் பூசாதே. பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 1955இல் ‘நைட் அண்ட் ஃபாக்’ படத்தில் நாஜி முகாம்களின் அன்றைய ஆவணத் துண்டுகளைக் கறுப்பு வெள்ளையிலும், பிறகு அங்கே முளைத்த புல்லை வண்ணத்திலும் வைத்தார். அந்தப் பச்சைதான் நெஞ்சை அடைக்கும். நடித்து எடுத்த காட்சிக்குச் செபியா போட்டால் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும்.

அங்கே காற்று மைக்கை அடித்துவிடும். மைக்குக்கு ரோம உறை போடு. காற்றின் சத்தத்தை மட்டும் தனியாக 2 நிமிடம் பதிவு செய்துகொள், கடைசி ஷாட்டுக்கு அது வேண்டும். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதே, வண்டிக்குள் வைத்து மாற்று.

திருத்தியதும் அனுப்பு.

அப்பா