மூச்சு இயந்திரத்தின் அட்டை நோயாளியிடம் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கிழமை ஆரையம்பதியில் உறவினர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தூக்கத்தில் மூச்சுத்தடைப்படும் நோய் உள்ளவர். வெளிநாட்டிலிருக்கும் மகன் பணம் அனுப்பி வாங்கிய சீபாப் இயந்திரம் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அமுக்கித் தொண்டை அடையாமல் வைத்திருப்பது), பொலித்தீன் உறையில் கட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. "போட்டும் ஒரு சுகமும் இல்லை தம்பி, எடுத்து வைத்துவிட்டேன்" என்றார். இறக்கி, பக்கவாட்டில் உள்ள சிறிய மூடியைத் திறந்தேன். இரவு முழுதும் மூச்சு எப்படிப் போனது என்பதைப் பதியும் நினைவக அட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கிறது. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்தவன். அதில் பெரும்பகுதி உன்னிச்சைக் குளத்தோடு கழிந்தது. வவுணதீவு வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி வயலோரம் இறங்கிய பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்றார்கள். 5க்குக் குறைவாக இருந்தால் வழமை, 30க்கு மேல் போனால் கடுமை. மூச்சு 10 விநாடியாவது தடைப்பட்டால்தான் அதை ஒரு தடவையாகவே எண்ணுவார்கள். என் மனைவி இத்தனை வருடங்களாக இருட்டில் எழுந்திருந்து எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இயந்திரத்தை விற்றவர், "இது உங்களுக்குத் தேவைப்படாது" என்று சொல்லி அட்டையைக் கழற்றித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு நான்கு மாதம், காலையில் திரையைப் பார்த்தால் பச்சை நிறத்தில் சிரித்த முகம். மணிக்கு 3 என்று இலக்கம். ஆனால் தலைப்பாரம் போகவில்லை. பத்திரிகையை விரித்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன். கிளினிக்கில் "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டபோது, என்னை முந்திக்கொண்டு மனைவிதான் "ஒரு நாளும் விடுவதில்லை" என்றாள்.

மருமகன் புதிதாக ஓர் அட்டை வாங்கிப் போட்டு, ஒஸ்கார் என்ற மென்பொருளைத் தன் மடிக்கணினியில் ஏற்றித் தந்தார். அது இலவசம்; தகவல் நம் கணினியை விட்டு வெளியே போவதுமில்லை. எல்லா இயந்திரங்களின் அட்டையையும் அது வாசிக்காது, ஆனால் என்னுடையதை வாசித்தது. கடந்த நான்கு மாதங்களுக்கு விவரமான பதிவு ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டை இல்லாத இரவுகளில் என் இயந்திரம் சுருக்கத்தை மட்டுமே வைத்திருக்கும். ஒவ்வொரு மூச்சும் ஏறி இறங்கும் கோடு அட்டையில்தான் பதியும்.

முதல் இரவின் கோடுகளைப் பார்த்ததும் எனக்குப் பழைய தொழில் திரும்பி வந்துவிட்டது. இந்த இயந்திரத்தின் அமுக்கத்தைச் சொல்வதே நீரின் உயரத்தில்தான்: 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர். குளத்தில் அடிக்கணக்கில் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. இரவு 1.40 மணி வரை காற்றுக் கசிவுக் கோடு தரையோடு கிடந்தது. பிறகு ஒரேயடியாக எழுந்து, விடியும் வரைக்கும் இறங்கவேயில்லை. நிமிடத்துக்கு 24 லீற்றரைத் தாண்டினால் என் இயந்திரத்துக்கு அது பெரிய கசிவு. அவ்வளவு காற்று வெளியேறினால் நோயாளியின் மூச்சை இயந்திரத்தால் சரியாக உணர முடியாது. நின்ற மூச்சு கணக்கில் வராமல் போகும். மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கியிருக்கிறேன். அந்த 3 என்ற இலக்கம் பாதி இரவுக்கு உரியது. குளக்கட்டில் கசிவு இருக்கும்போது அளவுகோலை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பவனை நாங்கள் வேலையில் வைத்திருக்க மாட்டோம்.

கோடுகளை அச்சிட்டு வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் பார்த்து, வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாற்றினார். கசிவு நின்றது. நின்ற பிறகுதான் மறைந்திருந்தது தெரிந்தது: அதிகாலை 4 மணியளவில் தடைகள் கொத்துக் கொத்தாக வந்தன. "எத்தனை தலையணை?" என்று கேட்டார். இரண்டு, அதுவும் இறுகிப்போன இலவம்பஞ்சுத் தலையணைகள். நாடி நெஞ்சில் முட்டித் தொண்டை மடிகிறது என்றார். ஒன்றை எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் இரவுக் கணக்கு 2.4. இந்த முறை அது உண்மையான கணக்கு.

அமுக்கத்தை மட்டும் நான் தொடவில்லை. யாரும் தாமாகத் தொட வேண்டாம். தொண்டை அடைத்து நிற்கும் மூச்சு வேறு, தொண்டை திறந்திருந்தும் மூளை கட்டளையிடாமல் நிற்கும் மூச்சு வேறு. இயந்திரம் இரண்டையும் வேறு வேறாகக் குறிக்கிறது. இரண்டாவது வகைக்கு அமுக்கத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். அதைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. அவருக்கு முன்னால் முழு இரவையும் கொண்டுபோய் வைப்பது நம் வேலை.

இயந்திரம் விற்பவர்களைக் கேட்கிறேன்: அட்டையோடு கொடுங்கள். கணினியில் போடுமுன் அட்டையின் பக்கத்திலுள்ள சிறு பூட்டை இழுத்துவிட வேண்டும், திருப்பிப் போடும்போது திறந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறேன்: கிளினிக்குகளில் மாதம் ஒரு நாளாவது இந்த அட்டைகளை வாசித்துப் பார்க்க ஒரு கணினியும் ஓர் ஆளும் வையுங்கள். கல்முனையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் உறவினரின் இயந்திரத்துக்கு நேற்று அட்டை வாங்கிப் போட்டாயிற்று. முதல் இரவைப் பார்க்க நாளை காலை போகிறேன்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உதவியாளர்,
ஆரையம்பதி.