பணம் போடும் முன் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றப் பாதைகளுக்கு வரைபடச் செயலி தயாரிக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேமிப்பைப் போடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததையும், அதற்கு உங்கள் இதழ் தந்த பதிலையும் படித்தேன். எத்தனை பேர் செயலியை இறக்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள், அமெரிக்காவில் இதேபோல் நடைபாதைச் செயலி நடத்தும் ஆல்டிரெயில்ஸ் நிறுவனத்துக்கு 2021-ல் பெர்மிரா என்ற முதலீட்டு நிறுவனம் 15 கோடி டாலர் கொடுத்தது, எல்லாம் சரி. ஆனால் அந்த முழுப் பக்கத்திலும் வரைபடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியும் கல்லுமாகக் காட்டிலும் மேட்டிலும் அலைந்த சர்வேயர் நான். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இதே கேள்வி போன வருஷம் என் வீட்டுக்கே வந்தது. அண்ணன் மகனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து இப்படி ஒரு செயலி செய்திருக்கிறார்கள். "சித்தப்பா, ஒரு அஞ்சு லட்சம் போடுங்க, மூணே வருஷத்துல பல மடங்காகும்" என்று லேப்டாப்பைத் திறந்து கணக்குக் காட்டினான். கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் உன் வரைபடத்தில் இருக்கிற ஒரு பாதையில் என்னைக் கூட்டிப்போ என்றேன். வருசநாட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமம், காட்டுக்குள் போகாமல் ஓடையை ஒட்டி நடக்கிற வழி. காலை ஆறரைக்கு இறங்கினோம். முதல் ஒரு கிலோமீட்டர் செல்போனில் தெரிந்த புள்ளிக்கோடும் கால் வைத்த மண்ணும் ஒன்றாகவே போயின, எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் கோடு நேராக ஒரு தென்னந்தோப்புக்குள் போனது. தோப்பைச் சுற்றி ஐந்து வரிசை முள்கம்பி, வழி இருந்த இடத்தில் கம்பிக் கதவு, கதவில் பூட்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் சொன்னார், "அந்த வழிய அடைச்சு ரெண்டு வருசமாச்சு சாமி, மேக்கால சுத்திப் போங்க" என்று. மேற்கால் சுற்றிப் போய் ஓடையைப் பிடித்தால், செயலி கடக்கச் சொன்ன இடத்தில் கரை இடிந்து ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம். யாரோ ஒருவர் கோடைக் காலத்தில், தண்ணீர் இல்லாதபோது, செல்போனை ஆன் செய்துகொண்டு நடந்த தடம்தான் அந்தக் கோடு. அதன்பின் யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

தப்பு இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். யாராவது பயனாளர் எழுதினால் திருத்துவோம் என்றான். யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் அங்கே நடக்கவில்லை. அது அவன் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், இருக்கிற பணத்தை எல்லாம் செயலி அழகாகத் தெரிவதற்கும் விளம்பரத்துக்கும் செலவழிக்கத்தான் எல்லோரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் துறையில் ஒன்று சொல்வோம், புலப்படம் (நிலத்தின் எல்லையை அளந்து வரைந்த படம்) ஆபீஸில் இருக்கும், நிலம் வெளியில் இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆள்தான் போக வேண்டும். முதலீடு செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: யார் நடக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அடுத்தது, அந்த வரைபடத்தில் நிறுவனத்துக்கே சொந்தமானது எது. பெரும்பாலான செயலிகளுக்கு அடிப்படை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்து உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்த்த வரைபடம். அருமையான காரியம், நானே என் ஊர்த் தெருக்களையும் கண்மாயையும் அதில் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் பொது. அதன்மேல் நிறம் பூசி விற்கிற நிறுவனத்தில் பணம் போட்டால், நாளைக்கே பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதையே செய்வார்.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஆன்எக்ஸ் என்ற வரைபட நிறுவனம். எரிக் சீக்ஃப்ரீட் என்ற வேட்டைப் பிரியர் 2009-ல் ஆரம்பித்தது. அங்கே மேற்கு மாநிலங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் பின்னிக் கிடக்கும், எது யாருடையது என்று காட்டில் நிற்கிறவருக்குத் தெரியாது. இவர் ஒவ்வொரு கவுன்டியாக (நம்மூரில் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) நில உரிமைப் பதிவுகளைத் திரட்டி, ஜிபிஎஸ் கருவியில் போடும் சிப்பில் நிறம் பிரித்து ஏற்றி விற்றார். எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் நம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்த மாதிரி. ஆளாளுக்கு ஒரு வடிவத்தில் வைத்திருக்கிற பதிவுகளை ஒன்றாக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும், ஒரு கிராமத்தில் ஒரு உட்பிரிவுக்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சம்மிட் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அங்கே 2018-ல் 2 கோடி டாலருக்கு மேல் போட்டபோது நிறுவனத்துக்கு வயது ஒன்பது.

அந்த வரைபடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ரயில்வே காலத்தில் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக வெட்டி, ஒன்று அரசுக்கு, ஒன்று தனியாருக்கு என்று சதுரங்கப் பலகை போலப் பிரித்துவிட்டார்கள். அரசு நிலத்திலிருந்து இன்னொரு அரசு நிலத்துக்குப் போக மூலையை மட்டும்தான் தாண்ட முடியும். மிசோரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் 2021-ல் அந்த மூலையின் அளவுக்குறிக்கு மேலாக ஏணியை வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டினார்கள். மேலே இருக்கிற காற்றுவெளியும் என்னுடையது என்று நிலக்காரர் வழக்குப் போட்டார், நிலத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்தது என்றுகூட வாதம் வந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் நம்பி நடந்தது ஆன்எக்ஸ் காட்டிய எல்லைக்கோட்டைத்தான். ஒரு மூலைக்கல்லுக்கு இவ்வளவு பெறுமதி என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, நல்ல வரைபடமாகவே இருந்தாலும் நிறுவனம் கைமாறினால்? லண்டனில் ஃபேட்மேப் என்று ஒன்று, பனிமலைகளை முப்பரிமாணத்தில் காட்டியது, சரிவு எவ்வளவு செங்குத்து என்று நிறத்திலேயே தெரியும். 2023 ஜனவரியில், ஓட்டமும் சைக்கிள் பயணமும் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவா அதை வாங்கியது, 2024 அக்டோபர் 1-ல் ஃபேட்மேப்பை மூடியது. ஜெர்மனியில் 2010-ல் தொடங்கிய கோமூட் என்ற பாதைச் செயலி கோடிக்கணக்கான பயனாளர்களோடு 2025 மார்ச்சில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது, கொஞ்ச நாளிலேயே ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வேலை போயிற்று. அந்தக் கோமூட்டில் நல்ல இடங்கள், படங்கள், குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் நடந்தவர்களும் சைக்கிள் மிதித்தவர்களும் காசு வாங்காமல் சேர்த்தவை. விற்ற காசில் அவர்களுக்குப் பங்கு இல்லை. போட்ட பணத்தை லாபத்தோடு எடுத்துக்கொண்டு போவதால் முதலீட்டாளர்கள் இதை "வெற்றிகரமான வெளியேற்றம்" என்று எழுதுவார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. சேர்த்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வரைபடம் அன்றிலிருந்து பழசாகத் தொடங்கும்.

நம் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு, உங்கள் பதிலில் விட்டுப்போனது. ஜெர்மனியில் காட்டுக்குள் யாரும் நடக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசு நிலம் மட்டுமே சுமார் 64 கோடி ஏக்கர். அங்கெல்லாம் நடக்க உரிமை இருக்கிறது, அதனால் வரைபடம் விலைபோகிறது. இங்கே காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கால் வைத்தால் குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம், எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளுக்கு ஆன்லைன் பதிவைத் தொடங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வழிகாட்டி கூடவே வருகிறபோது சந்தா கட்டி வரைபடம் வாங்க யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டுச் சந்தாக் கணக்கை அப்படியே இங்கே பெருக்கிப் போட்டால் ஏமாறத்தான் வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடம் செய்வதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதைச் சொல்லி நம்பிக்கை தருகிறார்கள். தளர்ந்தது வரைவதற்கான தடை, நடப்பதற்கான தடை இல்லை. நம் நாட்டு வரைபட நிறுவனமான மேப்மைஇந்தியா 1995-ல் ஆரம்பித்துப் பங்குச் சந்தைக்கு வர 2021 டிசம்பர் ஆயிற்று, அதுவும் கார் கம்பெனிகளையும் பெரிய நிறுவனங்களையும் வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு. இருபத்தாறு வருஷம். பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத நிறுவனத்தின் பங்கை மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று நினைத்த நாளில் விற்கவும் முடியாது.

இவ்வளவையும் அண்ணன் மகனிடம் உட்கார்ந்து பேசினேன். முதலில் முகம் வாடியது, அப்புறம் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். மலையேறுகிறவர்களை மட்டும் நம்பாமல் சதுரகிரி, வெள்ளியங்கிரி போகிற பக்தர்கள், கிராமத்து வழிகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், வெள்ளத்தில் தேடப் போகிற தீயணைப்புத் துறையினர் என்று யாருக்கெல்லாம் இது உதவும் என்று பட்டியல் போட்டான். ஐந்து லட்சம் கேட்டவனுக்கு இரண்டு லட்சம் கொடுத்தேன், ஓய்வூதியப் பணத்தில் கை வைக்காமல், போனாலும் தாங்கிக்கொள்வேன் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம். அதில் பாதியை அந்தந்த ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்துப் பாதைகளை மழைக்கு முன்னும் பின்னும் நடந்து பார்க்கச் செலவழிக்க வேண்டும், நிறுவனத்தை விற்றால் பயனாளர் சேர்த்த தடங்களை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்ள ஆறு மாதம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன், எழுதினான்.

கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு இதையும் தயவுசெய்து தெரிவியுங்கள். ஆடு மேய்த்த அந்த அம்மாவின் மகன்தான் இப்போது அந்த ஓடைப் பாதையைப் பார்த்துக்கொள்கிறான். கார்த்திகை மழை ஓய்ந்ததும் கரையை மறுபடி அளக்கப் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தேனி மாவட்டம்