ஆண்டறிக்கை 2024–25: ஆங்கில வகுப்பும் உருதுப் பொருளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பதிவாளர் அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டியிருப்பதால் வழக்கம்போல் நம் சங்கத்தின் இந்த அறிக்கை தமிழில் இருக்கிறது. உருதுப் படியைத் துணைச் செயலாளர் வாசிப்பார். வீட்டில் தக்கினி என்னும் தென்னாட்டு உருதுப் பேச்சு, கடைத்தெருவில் தமிழ், பள்ளியில் உருது, வேலைக்கு ஆங்கிலம் என்று வாழும் வாணியம்பாடிக்கு இது புதிதல்ல.

குழு மாதந்தோறும் கூடியது. ரமலானும் பொதுத்தேர்வும் சேர்ந்து வந்த மார்ச்சில் மட்டும் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களையும் அவரே படிப்பார் என்று எச்சரிக்கும்படி என்னிடம் சொன்னார்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சண்டை போடப்பட்டதும் ஞாயிறு ஆங்கில வகுப்பைப் பற்றித்தான். உருது வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வடக்கே அச்சான கையேடுகளை வைத்தே இதுவரை நடத்தி வந்தோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உருதுப் பொருள். மனப்பாடம் செய்தால் போதும் என்பது ஏற்பாடு. ஜூலையில் ஆசிரியை ஒரு குறையைக் கொண்டுவந்தார். 'இன்எவிடபிள்' என்ற சொல்லுக்குக் கையேடு 'நாகுஸீர்' என்கிறது. தெளிவற்றது என்று பொருள்படும் 'ஆம்பிகுவஸ்' என்பதற்கு 'முப்ஹம்'. பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிக்கிறார்கள், இரண்டும் புரியவில்லை. வீட்டில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று தக்கினி பேசும் பிள்ளைக்குப் பாரசீகம் தோய்ந்த அந்த உருதும் ஆங்கிலத்தைப் போலவே இன்னொரு பாடம்தான். 'இன்எவிடபிள்' என்றால் 'தவிர்க்க முடியாதது' என்று தமிழில் சொன்னதும் தலையாட்டுகிறார்கள். தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறார்கள்.

அப்படியானால் உருதுப் பொருளே வேண்டாம், ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்துவோம் என்று குழுவில் சிலர் வாதிட்டார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, 1918இல் ஐதராபாத்தில் தொடங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமே உருதுவில் நடந்தது, நமக்கு 'நாகுஸீர்' கசக்கிறதா என்று கேட்டார். என் கருத்தை மறைக்கவில்லை: தவறு உருதுவில் இல்லை, எவருடைய உருது என்பதில்தான் இருக்கிறது. இறுதியில் கையேட்டுப் பொருளுக்குக் கீழே வீட்டுப் பேச்சிலும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று முடிவானது. தேர்வுக்கு மேல் வரி, புரிவதற்குக் கீழ் வரி.

நவம்பர் 9, உருதுக் கவிஞர் இக்பால் பிறந்த நாளன்று நடந்த சொற்பொழிவு இதற்கு வலுச் சேர்த்தது. 1937இல் வெளிவந்த மௌல்வி அப்துல் ஹக்கின் ஆங்கில–உருது அகராதியைப் பற்றிப் பேச வந்தவர், அதற்கும் முன்னே போய், 1879இல் வெளியான ஃபாலனின் இந்துஸ்தானி–ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டார். பீகாரில் பள்ளி ஆய்வாளராக இருந்த ஃபாலன், ஏட்டுச் சொற்களோடு நில்லாமல் தெருப் பேச்சையும் அந்தப்புரப் பெண்களின் பேச்சையும் தேடிச் சேர்த்தவர். கூட்டம் முடிந்ததும் மாணவியர் சிலர் தங்கள் பாட்டிமாரின் பழமொழிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இதை நாங்கள் திட்டமிடவில்லை. பெருமையை எடுத்துக்கொள்ளவும் போவதில்லை.

அந்தப் பழமொழிகளைக் கொண்டு ஜனவரியில் போட்டி வைத்தோம். 'நாச் ந ஜானே, ஆங்கன் டேடா' என்பதற்குத் தமிழில் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' உடனே வந்து விழுந்தது. ஆங்கிலக்காரன் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்லும் தொழிலாளியைப் பேசுகிறான். 'ஊன்ட் கே முஹ் மே ஸீரா', அதாவது ஒட்டகத்தின் வாயில் சீரகம் என்பதும் நம் யானைப்பசிச் சோளப்பொரியும் ஒன்றே என்பதில் நடுவர்கள் ஒருமனதாக இருந்தார்கள். 'ஈத் கா சாந்த்' வந்தபோதுதான் கைகலப்பு நடக்காத குறை. கையேடு அதற்கு 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்று கொடுத்திருந்தது. ஈத் பிறை என்று நாம் சொல்வது கண்ணில் படாத ஆளை. ஆங்கிலத்தில் அது எப்போதாவது நடக்கும் செயலுக்கு வருவது. ஒரு மாணவர் 'யூ ஹாவ் பிகம் எ புளூ மூன்' என்று எழுதியிருந்தார். கையேட்டை நம்பியதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமா என்று அவர் தந்தை கேட்டார். குறைக்கவில்லை.

ஜெராக்ஸ் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருது எழுதப்படும் நஸ்தலீக் எழுத்தில் ஒரு புள்ளி போனால் பொருளே போய்விடும். மங்கிய நகல் ஒன்றில் 'பிட்ரேயல்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த 'தகா' புள்ளி இழந்து 'துஆ' ஆகிவிட்டது. வஞ்சகம் என்பது பிரார்த்தனை என்று ஒரு வகுப்பே படித்துக்கொண்டு போனது. நகல் எடுத்த கடையில் கேட்டால் மை செலவைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு முதல் தாள்களை இன்பேஜ் மென்பொருளில் நாமே தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்சிடக் குழு பரிந்துரைக்கிறது. இதற்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் தனியே காட்டப்பட்டிருக்கிறது. நஸ்தலீக் தட்டச்சு தெரிந்த இளைஞர்கள் பெயர் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு.

பெண்களுக்கான காலை வகுப்பு தோல் தொழிற்சாலை வேலை நேரத்தோடு மோதுகிறது. மாலைக்கு மாற்றினால் பிள்ளைகளோடு வருவோம் என்கிறார்கள். வரட்டும் என்பது என் கருத்து. பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும்.

நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற அகராதிகள் மூன்று இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் யாரென்று பதிவேட்டில் இருக்கிறது; இந்த அவையிலும் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்திற்கும், ஊதியமின்றிப் பாடம் நடத்திய ஆசிரியைகளுக்கும் நன்றி. இவ்வறிக்கையையும் மேற்சொன்ன இரு பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்