பாப்பாவின் புத்தகத்துக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

பாப்பாவுக்காக நான் எழுதிய படப்புத்தகம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோவில் மூன்று கட்டாக வந்து இறங்கியது. மொத்தம் 300 பிரதி, 24 பக்கம், முதுகில் இரண்டு பின். கட்டைப் பிரித்ததும் ஹால் முழுக்க மை வாசனை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மூன்றாவது போனிலேயே குரல் கம்மிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. பாப்பா பிறந்ததிலிருந்து மூன்றே முக்கால் வருஷம் ஆச்சி, அதாவது என் அம்மா, எங்களோடு திருவான்மியூரில்தான் இருந்தார். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, ராத்திரி முதுகில் தட்டித் தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். தாத்தா பாளையங்கோட்டை வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும் ஆச்சி உடனே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. குழந்தை பார்த்தால் அழும், தூங்கினதும் கிளம்புங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். மத்தியானம் பாப்பாவைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு, ஆச்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கிப் போனார். பாப்பா எழுந்து ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். பாத்ரூம், பால்கனி, துணி அலமாரிக்குள்கூட. அழவே இல்லை. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று ராத்திரியிலிருந்து அவள் தூங்க மறுத்தாள். கண் சொக்கும்போது விரலால் இமையைப் பிடித்துத் தூக்கிக்கொள்வாள். ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்து கேட்டாள், "நான் தூங்கினா நீயும் போயிடுவியா?" என்று. தூங்கினால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

முதல் நன்றி பாப்பாவின் ப்ரீகேஜி மிஸ்ஸுக்கு. மிஸ், அன்றைக்கு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் சொன்ன நாலு வாக்கியம்தான் இந்தப் புத்தகத்தின் விதை. "சொல்லாம மட்டும் போகாதீங்க. முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. அழட்டும், அழறது தப்பில்ல. ஆனா எப்ப வருவீங்கன்னு அவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க." மணி சொன்னால் இந்த வயசில் புரியாது, "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சு முடிச்சதும் அம்மா வரேன்" என்று சொன்னால் புரியும் என்றீர்கள். புத்தகத்தில் ஒரு இடத்தில்கூடக் கடிகாரம் இல்லை, கவனித்தீர்களா? அப்பா ரெண்டு சாப்பாடு கழிச்சு வருகிறார், ஆச்சி நாற்பது தூக்கம் கழிச்சு வருகிறாள். எல்லாம் உங்கள் கணக்கு.

நம் மொழியில் "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள், "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார்கள். எத்தனை தடவை நானே திட்டு வாங்கியிருக்கிறேன். விடைபெறுகிற சொல்லுக்குள்ளேயே திரும்பி வருவதையும் வைத்திருக்கிறோம், அதைக் குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் திருட்டுத்தனமாகப் படி இறங்குகிறோம். இதைப் பற்றி ஒரு படப்புத்தகம் செய்தால் என்ன என்று தோன்றியது இது உறைத்த கணத்தில்தான்.

தீபாவளிக்கு ஆச்சி பத்து நாள் வந்தார். இந்தத் தடவை ஒளிவு மறைவு இல்லை, பாப்பாவையும் எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது அவள் அழுதாள், ஆச்சியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், "நாப்பது தூக்கம், எண்ணிக்கிட்டே இரு, ஆச்சி போயிட்டு வாரேன்" என்றார். கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டும்போது பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, "ஏம்மா ரயிலுக்குத் தப்பு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். பெட்டியின் பின்னால் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தில் அது தப்புக்குப் போடுகிற குறி ஆயிற்றே! எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர், பெயர்கூடக் கேட்கவில்லை, குனிந்து அவளிடம் சொன்னார்: "அது தப்பு இல்ல பாப்பா. இதுதான் கடைசிப் பெட்டின்னு அர்த்தம். வழியில இருக்கிற ஸ்டேஷன்ல எல்லாம் இதைப் பார்ப்பாங்க. இது இருந்தா, எந்தப் பெட்டியும் நடுவுல கழண்டு நின்னுடல, ரயில் முழுசா போகுதுன்னு தெரியும்." ஐயா, நீங்கள் இதைப் படிக்க வாய்ப்பில்லை, ஆனால் புத்தகத்தின் பதினெட்டாம் பக்கம் முழுக்க அந்தப் பெருக்கல் குறிதான், அதற்குக் கீழே சின்னதாக மின்னும் சிவப்பு விளக்கு. கீழே ஒரே வரி: "ஆச்சி முழுசா போறாங்க, முழுசா வருவாங்க."

படம் போட்டது எங்கள் பக்கத்து பிளாக் தம்பி. கவின்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான், 1850இல் ஆரம்பித்த கல்லூரி அது, அங்கே படிக்கிற பிள்ளை நமக்கு வரைவானா என்று தயங்கித்தான் கேட்டேன். பணம் வேண்டாம் என்று சொன்னான், நான் விடவில்லை. தம்பி, நீ செய்த ஒரு காரியத்தை எல்லாருக்கும் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் ஹால் தரையில் பாப்பா உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தாய். அங்கிருந்து பார்த்தால் பெரியவர்களின் முகம் தெரியாது. முட்டி, புடவைக் கொசுவம், கையில் தொங்கும் பை, வாசலில் கழற்றிய செருப்பு இதெல்லாம்தான் தெரியும். அதனால் புத்தகத்தில் கிளம்புகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் கால் மட்டும்தான் இருக்கிறது, "போயிட்டு வரேன்" என்று சொல்கிற பக்கத்தில்தான் அவர்கள் குனிந்து முகம் தெரிகிறது. குழந்தைகள் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறார்கள், மொட்டைமாடியில் ஏழு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியபோது பார்த்தேன்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை நடை போகிற மாணவர்களுக்கு அடுத்த நன்றி. 1988இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ராத்திரியில் மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காப்பாற்றுகிற கூட்டம் இது, சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் முதலில் எழுதிய கதையில் அம்மா ஆமை கடலுக்குப் போய்விட்டுக் குஞ்சுகளிடம் திரும்பி வந்துவிடும். உங்களில் ஒரு தங்கை அதைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "அக்கா, அது வராது. நூறு முட்டை போல இட்டு, மூடிட்டுப் போயிடும். நாற்பத்தஞ்சு, அறுபது நாள்ல குஞ்சுங்க தானே மணலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்." ஆமையையே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் இன்னொன்று சொன்னாள். போவதற்கு முன்னால் அம்மா ஆமை தன் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தும், தட் தட் என்று சத்தம்கூடக் கேட்கும் என்று. எனக்கு உடனே ஆச்சியின் கை ஞாபகம் வந்தது. அப்புறம் ஆமை பொய் சொல்லாமலேயே புத்தகத்தில் தங்கிவிட்டது. அந்தப் பக்கம் வந்தால் படிக்கிறவர்கள் குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டே படிக்க வேண்டும், வரிகளை அந்தத் தாளத்துக்குத்தான் வெட்டியிருக்கிறேன்.

இப்போது மூன்றாவது மாடி அக்காவுக்கு. இதை எப்படி எழுதுவது என்று நாலு நாள் யோசித்தேன். மாதிரிப் புத்தகத்தை உங்கள் பையனுக்குப் படிக்கக் கொடுத்தேன், அவன் அப்பா தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் கோபப்படவில்லை. "இதைப் படிச்சா அப்பாவும் வருவாரான்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டீர்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை, சொல்லாமல்தான் எழுந்து வருவோம். அந்தச் சொல் எங்கே செல்லாது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

அதே வாரத்தில் அச்சகத்தில், நான் கொடுத்தது 22 பக்கம், பின் அடிக்கிற புத்தகம் நாலின் மடங்காகத்தான் வரும், இன்னும் ரெண்டு பக்கம் வேண்டும் என்றார்கள். அந்த ரெண்டு பக்கத்தையும் அக்காதான் எழுதினார். என் பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. "தூங்கிட்டார்னு மட்டும் எழுதிடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்த உறவுக்காரர்கள் பையனிடம் "அப்பா தூங்கறார்" என்று சொல்லி, அதற்கப்புறம் அவன் படுக்கைக்குப் போகவே பயந்தானாம். சாமிகிட்ட போயிருக்கார் என்றும் வேண்டாம், சாமி எப்போது திருப்பி அனுப்பும் என்று கேட்பான் என்றார். அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "அப்பா செத்துப் போயிட்டார். வர மாட்டார். அப்பா சட்டை இங்கேதான் இருக்கு. அம்மா இங்கேதான் இருக்கேன்." செத்துப் போயிட்டார் என்று குழந்தைப் புத்தகத்தில் போடலாமா என்று ரெண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். போடலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பையன் அந்தப் பக்கத்தைத் தானே திருப்பிப் படிக்கிறான் என்று அக்கா சொன்னார்.

அச்சகத்து அண்ணனுக்கு நன்றி சொல்லாமல் விட்டால் சாப்பாடு இறங்காது. முதலில் வேறொரு இடத்தில் கொடுத்து ஏமாந்தேன், ராத்திரி வானம் கம்ப்யூட்டரில் கருநீலமாக இருந்தது, அச்சில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது, அதெல்லாம் அப்படித்தான் வரும் என்று கையை விரித்துவிட்டார்கள். அண்ணா, நீங்கள் அந்தத் தாளை வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "நீலத்துல மெஜந்தா ஏறிப்போச்சும்மா, அதைக் குறைச்சா சரியாயிடும்" என்று உட்கார்ந்து அந்த இளஞ்சிவப்பு மையை ஒவ்வொரு பக்கமாகக் குறைத்தீர்கள். பளபளவென்று இருக்கிற தாள்தான் அழகு என்று நான் அடம் பிடித்தபோது, தூங்கப்போற நேரத்துல சின்ன விளக்குலதான் படிப்பீங்க, கண்ணுல அடிக்கும் என்று மேட் தாளை எடுத்து அந்த விளக்கடியிலேயே காட்டினீர்கள். மூன்று தடவை மாதிரி எடுத்தோம், மூன்றாவதுக்குக் காசு வாங்கவில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் என்னை மணிக்கணக்காகச் சின்ன நாற்காலியில் உட்கார விட்ட அம்மாக்கள், எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று சொன்ன பாப்பாவின் பெரியப்பா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் எழுதுவேன் என்று விடியற்காலையில் எழுந்து பாத்திரம் தேய்த்த பாப்பாவின் அப்பா, எல்லாருக்கும் மனசார நன்றி.

கடைசியாக ஆச்சிக்கு. அம்மா, உங்களுக்குக் கூரியரில் அனுப்பிய பிரதி வெள்ளிக்கிழமை கிடைத்ததும், அன்றைக்கு ராத்திரியே போனில் பாப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினீர்கள். ஆமைப் பக்கம் வந்ததும் நான் இங்கே அவள் முதுகில் தட்டினேன். பதினெட்டாம் பக்கத்துக்கு அப்புறம் அவளிடமிருந்து சத்தம் இல்லை, இமையைப் பிடிக்காமல் தூங்கிவிட்டாள். மறுநாள் நான் படித்தபோதுதான் பிரச்சினை. நான் "போயிட்டு வரேன்" என்று படிக்க, தப்பு தப்பு என்று கத்தினாள். ஆச்சி படித்தது "வாரேன்" ஆம், அப்படித்தான் படிக்க வேண்டுமாம். புத்தகத்தைப் பிரித்து எழுத்தைக் காட்டினேன், ஒத்துக்கொள்ளவில்லை. பென்சிலை எடுத்து எல்லாப் பக்கத்திலும் அந்த "வ"வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போடச் சொன்னாள், பதினோரு இடத்தில் போட்டோம். அடுத்த பதிப்பில் அச்சிலேயே மாற்ற வேண்டும், அச்சகத்து அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா
திருவான்மியூர், சென்னை