விண்டேஜ் போர்ட்டின் அடிக்கசடு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் லண்டன் கடையில் வாங்கிய 1994ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட் என்னும் இனிப்பு ஒயினில் சேறு கிடந்ததாகவும், நாங்கள் கெட்டுப்போன சரக்கை விற்பதாகவும் ஒரு செய்தி சில நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். சரக்கையே பழித்ததால்தான் இந்த விளக்கம்.

அந்தக் கசடு கலப்படமும் அல்ல, கெட்டதற்கான அடையாளமும் அல்ல. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, ஏறத்தாழ 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவதால், இனிப்பும் தங்குகிறது, வீரியமும் 20 சதவீதம்வரை ஏறுகிறது. போர்ட்டின் இன்னொரு வகையான டானி போர்ட் பல்லாண்டு பீப்பாயிலேயே முதிர்ந்து, தெளிந்த பிறகு அடைக்கப்படுவது. விண்டேஜ் போர்ட்டோ, சிறந்த விளைச்சல் ஆண்டுகளில் மட்டும் எடுக்கப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வடிகட்டாமலே பாட்டிலுக்கு வந்துவிடுகிறது. இளமையில் மைபோல் கறுத்து நாக்கைக் கவ்வும் அதன் துவர்ப்பு, துவர்ப்பைத் தரும் டானினும் நிறப்பொருளும் பிணைந்து பாட்டிலின் உட்புறத்தில் படியப் படியத்தான் தணிகிறது. நிறம் செங்கல் சாயலுக்கு மாறி, உலர்ந்த அத்தியின் மணம் எழுகிறது. முப்பது வயதான விண்டேஜ் போர்ட்டில் கசடே இல்லையென்றால்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

பருகுவதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். பழைய தக்கை பொடிந்துவிடும் என்பதால் மெதுவாகத் திறந்து, கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கை நிறுத்தாமல் ஒரே சீராக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள்; கசடு பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். தப்பித் தவறிக் கோப்பையில் விழுந்தாலும் வாயில் நறநறக்கும், சற்றுக் கசக்கும், அவ்வளவே; உடலுக்குக் கேடில்லை. ஊற்றியதை இரண்டு மூன்று நாட்களுக்குள் பருகி முடிப்பது நல்லது. முன்கூட்டிச் சொன்னால் கடையிலேயே கட்டணமின்றி வடித்துத் தருகிறோம்.

அந்தக் குழுக்களிலேயே எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கும், பிள்ளை பிறந்த ஆண்டின் பாட்டிலை வாங்கி, அது முதிரும்வரை எங்கள் நிலவறையை நம்பி விட்டுவைத்திருப்பவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அந்தப் பாட்டில்கள் யாவும் படுக்கவைத்தபடியே, வெளிச்சம் படாமல், அசைக்கப்படாமல் இருக்கின்றன.

2023 ஆகஸ்ட் முதல் பிரிட்டனில் ஒயினுக்கும் ஆல்கஹால் அளவைப் பொறுத்தே தீர்வை விதிக்கப்படுவதால், அடுத்த மாதம் முதல் போர்ட் வகைகளின் விலை சற்று உயரும். திறந்த பாட்டில்களைத் திரும்பப் பெறுவதற்கில்லை.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்